மூடியும் தூங்காத லேப்டாப்

ஆபீஸே திரும்பிப் பார்க்க, பெருக்க வந்த முத்தரசி கூனிக் குறுகி நின்றாள்.

“நிறைய சார்ஜ் வச்சு மூடிட்டுப் போன லேப்டாப் காலையில செத்துக் கிடக்கு. நீதான் எடுத்துப் படம் பார்த்திருக்கே! இல்லைன்னு காட்டு, இல்லாட்டி வேலைக்கு வராதே!” என்று கத்தினார் மேனேஜர் ஞானசிகாமணி. முந்தின நாள்தான் அதை உள்ளிருந்து இயக்கும் ‘கெர்னல்’ மென்பொருளைப் புதிதாக ஏற்றிவிட்டுப் பெருமையடித்திருந்தார்.

“சார்ஜ் ஏத்தி, மூடி, பையில போட்டு உங்க மடியிலயே வச்சுக்குங்க சார். நான் தள்ளி நிக்கிறேன்.”

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் துள்ளி எழுந்தார். பை அடுப்பாய்க் கொதித்தது; மூடிய லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

“கண்ணை மூடிட்டா தூங்கிருச்சுன்னு நம்பக் கூடாது சார். எம் மகளும் இப்படித்தான் ஏமாத்துவா.”

ஆபீஸே சிரித்தது. பழைய கெர்னலுக்கு மாற்றியதும் லேப்டாப் ஒழுங்காகத் தூங்கியது.

முத்தரசி அவர் மேஜைக்கடியில் பெருக்க வந்தாள். அவளுக்காக என்றைக்கும் நகராத காலிரண்டையும், அவள் முகம் பார்க்காமல் தூக்கிக்கொண்டார் மேனேஜர்.