போணி ஆகாத ஊர்

முன்னொரு காலத்தில், ராஜா கொட்டாவி விட்டால் அமைச்சர்கள் பாய் விரிக்கும் ஒரு நாட்டில், உத்தமகேசரி என்று ஒரு மகாராஜா இருந்தார். ஒருநாள் அவருக்குக் கடைத்தெருவைப் பார்க்க ஆசை வந்தது. பல்லக்கில் போனார். முந்தின வருஷம் தோள் இடிக்காமல் நடக்க முடியாத தெரு அது. இப்போது பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. மீதிக் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பியதும் சபையைக் கூட்டினார்.

"போன வருஷம் கடைத்தெரு செழித்தது என் கீர்த்தியால். இந்த வருஷம் படுத்தது யாரால்?"

கருவூல அதிகாரி சபாநாயகம் எழுந்தார். கேள்வி முடியும் முன்பே அவரிடம் பதில் இருக்கும். அந்தப் பதிலில் எப்போதும் வேறு யாராவது மாட்டியிருப்பார்கள்.

"மகாராஜா, தெருமுனையில் பொரி விற்கும் வேம்பாயிதான் முதலில் கடையைச் சாத்தினாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மனம் விட்டார்கள்."

"அப்படியானால் அவளை நாடு கடத்துங்கள்."

வேம்பாயி விதவை. வீட்டில் நிறைமாத மருமகள். சபை விகடர் திருமேனிக்கு இதெல்லாம் தெரியும். கோயில் குளத்து மீன்களுக்கு ஒரு பிடி பொரி போட்ட பிறகே அவள் கடை திறப்பாள் என்பதும் தெரியும். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு கூடைப் பொரி ராஜ்யத்தைக் கவிழ்த்துவிடும் என்றால், நமக்கு இத்தனை யானைகள் எதற்கு, மகாராஜா?"

சபாநாயகத்துக்கு இந்த வாய் எப்போதுமே ஆகாது. "வாய்ப்பந்தல் போடுவது எளிது. உண்மைக் குற்றவாளியை விகடரே பிடித்து வரட்டுமே" என்றார்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. "திருமேனி, வெள்ளிக்கிழமைக்குள் குற்றவாளியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவா. நடுவில் யாரிடமும் நிறுத்தாதே, வேர்வரை போ. அகப்படுகிறவர் யாரானாலும் எல்லைக்கு வெளியேதான். வெறுங்கையோடு வந்தால் வேம்பாயியோடு நீயும் புறப்படு."

திருமேனி நீளமாக ஒரு கயிறு வாங்கிக்கொண்டு வேம்பாயியிடம் போனார்.

"ஏனம்மா கடையைச் சாத்தினாய்?"

"போணி ஆகலைங்க சாமி. எண்ணெய்க்கார வைரவன்தான் தினமும் எனக்கு மொதப் போணி. அவரு வரலை."

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் போணி ஆகும்வரை, அதாவது முதல் வியாபாரம் நடக்கும்வரை, கடைக்காரர் தன் கைக்காசை வெளியே விடக்கூடாது. விட்டால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம்.

திருமேனி வைரவனிடம் போனார்.

"எனக்குப் போணி ஆனால்தானே நான் பொரி வாங்க முடியும்? நெசவாளர் சொக்கன் எண்ணெய் வாங்குவதை விட்டுவிட்டார். அவரைக் கேளும்."

சொக்கன் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் போட்டி போட்டு வாங்கினார்கள் என்று ஒரு தறியை மூன்றாக்கினேன். இப்போது மூன்றும் தூங்குகின்றன. மாதம் ஒரு வேட்டி வாங்கும் பூக்காரப் பண்டாரமே வரவில்லை."

பண்டாரம் பெருமூச்சு விட்டார். "என் போணி அரண்மனை மாலை, விகடரே. ஐப்பசியில் நிறுத்தினார்கள். அரண்மனையே பயப்படும்போது நான் எந்தத் தைரியத்தில் வேட்டி வாங்குவது?"

வெள்ளிக்கிழமை திருமேனி சபைக்குள் நுழைந்தார். பின்னால் வேம்பாயி, வைரவன், சொக்கன், பண்டாரம் நால்வரும் ஒரே கயிற்றில் கை கட்டப்பட்டு வந்தார்கள்.

"நான்கு குற்றவாளிகளா?" என்றார் ராஜா.

"இன்னும் முடியவில்லை, மகாராஜா. நடுவில் நிறுத்தக் கூடாது என்பது தங்கள் ஆணை." திருமேனி நேரே போய்ச் சபாநாயகத்தின் மணிக்கட்டில் ஒரு சுருக்குப் போட்டார். "அரண்மனை மாலையை நிறுத்தியவர் இவர்."

சபாநாயகம் கையை உதறினார். "நான் யோசனைதான் சொன்னேன். முத்திரை வைத்தது மகாராஜா."

திருமேனி வணங்கிவிட்டு, அடுத்த சுருக்கை ராஜாவின் கையில் மாட்டினார்.

"நான் என்ன செய்வேன்?" என்றார் ராஜா. "ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. சந்தை கூடவில்லை, சுங்கம் குறைந்தது. செலவைச் சுருக்கினோம். பிறகு பார்த்தால் சுங்கம் இன்னும் குறைந்தது."

"மழை நான்கு நாளில் நின்றுவிட்டது, மகாராஜா. நம் சிக்கனம்தான் நிற்கவில்லை. பிறகும் சுங்கம் ஏன் குறைந்தது?"

"கடைகள் சாத்தியதால்."

"முதலில் சாத்திய கடை வேம்பாயியுடையது." கயிற்றின் கடைசி முனையை அவள் கையோடு முடிந்தார் திருமேனி. இப்போது ஆறு பேரும் வட்டமாக நின்றார்கள், ராஜாவுக்குப் பக்கத்தில் பொரிக்காரி. "இந்தக் கயிற்றுக்கு வேர் எது, நுனி எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ராஜவாக்கு மாறக் கூடாது. நாளைக் காலை ஆறு பேரும் எல்லை தாண்டிவிடுங்கள். பல்லக்குக்குள் கயிறு நுழையாது, நடந்துதான் போகவேண்டும்."

ராஜா கயிற்றைப் பார்த்தார், சபாநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தண்டனை ரத்து" என்றார்.

அப்போது வேம்பாயி மடியை அவிழ்த்தாள். "விடிஞ்சதிலேர்ந்து சபையில இருக்கீங்க, சாமி. பசிக்குமே." தன்னை நாடு கடத்த இருந்த கைக்கே ஒரு பிடி பொரி அள்ளிப் போட்டாள்.

ராஜா வாயில் போடப் போனார். "போணி ஆகாதவளிடம் ஓசியில் தின்னலாமா?" என்றார் திருமேனி. மகாராஜாக்கள் காசு சுமப்பதில்லை. சபாநாயகம்தான் பல் பிடுங்குகிற வலியோடு மடியிலிருந்து ஒரு காசு எடுத்தார்.

வேம்பாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பண்டாரம், அம்மனுக்குப் பூ வச்சு மாசக்கணக்காச்சு. நாளைக்கு ஒரு முழம் கொண்டா." காசு பண்டாரத்திடம் போனது. அவர் ஒரு துண்டு கேட்டுச் சொக்கனிடம் தந்தார். சொக்கன் எண்ணெய் கேட்டு வைரவனிடம் தந்தார். வைரவன் பொரி கேட்க, காசு மறுபடி வேம்பாயி கைக்கே வந்து சேர்ந்தது. நான்கு பேருக்கும் போணி ஆகிவிட்டது.

கட்டிய கையை நீட்டி, பழக்க தோஷத்தில் சபாநாயகம் கேட்டார்: "சுங்கம்?"

ராஜா கிரீடம் சரியும்வரை சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். இனிமேல் தினமும் கடைத்தெருவுக்கு அரண்மனைதான் முதல் போணி, அதைச் சபாநாயகமே நடந்து போய்ச் செய்யவேண்டும் என்று ஆணையிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சபாநாயகம் தெருமுனையில் கூடையோடு நின்றார். வேம்பாயி படியால் அளந்து போட்டாள். பாவம், இவரும் வெறும் வயிற்றோடு வந்திருப்பார் என்று நினைத்து, மேலே ஒரு பிடி கூடவே போட்டாள்.