சைக்கிளுக்கு ஓர் எடுத்துக்காட்டு

யாரோ பெருமூச்சு விட ஆரம்பித்து முடிக்க மறந்துபோனது போன்ற சத்தம் அது. பன்னிரண்டு வருஷம் கழித்தும் கோமதிநாயகத்துக்குக் கேட்கிறது. அன்று தெருவே ஏதோ சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிறது என்று தேடியது. ட்யூப் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் கோமதிநாயகம், அருளப்பன், பிச்சைக்கனி என்று மூன்று ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்த சத்தம் அது: "எஸ்ஸ்ஸ்ஸ்..."

எல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த எஸ்தர் டீச்சர் சொன்னபடிதான். துபாய் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். வார்டு வேலைக்கும் நர்சு வேலைக்கும் ஒரே பேச்சுப் பரீட்சை. "சைக்கிள், ரயில், தினப்படி போக்குவரத்து, இதைத்தான் கேப்பாங்க" என்றார் டீச்சர். "வெறும் 'எஸ்'ஸோட நிக்கக் கூடாது. பதிலை நீட்டணும். பிரேக் போடாமப் பேசணும். முடிவுல ஓர் எடுத்துக்காட்டு கண்டிப்பா இருக்கணும்."

கோமதிநாயகத்துக்கு இது விளையாட்டில்லை. "பரீட்சை பாஸாகட்டும், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்" என்று மாமா சொல்லியிருந்தார். மாமா மகள் ஆவுடைச்செல்வி நர்சிங் முடித்தவள். அவளும் அதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

"பதிலை நீட்டணும், சரி. எவ்வளவு நீளம்?" என்றான் அருளப்பன்.

"மூச்சு உள்ள மட்டும்லே" என்றான் பிச்சைக்கனி. மூவரில் அவன்தான் அறிவாளி. ஒன்பதாம் வகுப்பை மூன்று முறை படித்தவன்.

"எடுத்துக்காட்டுன்னா?"

"இதுல என்ன சந்தேகம்? எடுத்து, காட்டணும். சைக்கிள்னு கேட்டா, சைக்கிளை எடுத்துக் காட்டு."

இவ்வளவு நாள் இந்தச் சொல் இத்தனை வெளிச்சமாகக் கண்முன் கிடந்ததை நினைத்து மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அப்ப ரயிலு?" என்றான் கோமதிநாயகம். தன் கல்யாணம் தண்டவாளத்தில் படுத்துக் கிடப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

"பரீட்சை நடக்குற பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்குப் பக்கத்துலதானே இருக்கு? பதினொன்னே முக்காலுக்குப் பாசஞ்சர் வரும். ஜன்னல் வழியாக் காட்டு."

"அதுக்கு முன்னாலயே கேட்டுட்டாங்கன்னா?"

"அதுக்குத்தாம்லே டீச்சர் நீட்டச் சொல்லியிருக்காங்க!"

டீச்சரின் முன்யோசனையை எண்ணி அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சைக்கிள் மூவரிடமும் இல்லை. ஆவுடைச்செல்வியிடம் இருந்தது. கோமதிநாயகம் அவளிடம் போய் நின்றான்.

"எதுக்கு அத்தான்?"

"பரீட்சைக்கு."

"பரீட்சைக்குப் பேனாவைல்லா கொண்டு போவாங்க?"

"பேசுறதுக்கு எதுக்குப் பேனா?"

"அதுல ஒரு கீறல் பாத்தேன், கல்யாணத்தையே மறந்திருங்க" என்று சொல்லிச் சைக்கிளைக் கொடுத்தாள்.

பிரேக் போடாமல் பேச வேண்டுமே. பிரேக் இருந்தால் கை சும்மா இருக்குமா? அருளப்பன் இரண்டையும் கழற்றிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

பரீட்சை அன்று முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். தினமும் எப்படிப் பயணம் செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்டார் பரீட்சை அதிகாரி. "வாக்கிங்" என்று நீட்டிவிட்டு, எழுந்து நடந்து காட்டினான். நிறுத்தச் சொல்லி டீச்சர் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டான், பிரேக்குகளோடு.

பிச்சைக்கனிக்குச் சைக்கிள் கேள்வியே வந்தது. வராந்தாவில் சாத்தியிருந்ததை உள்ளே உருட்டி வந்து ஏறி மிதித்தான். அதிகாரியின் மேஜையை இரண்டு சுற்றுச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் திறந்திருந்த கதவு குறுக்கிட்டது. அது மாடி. பிச்சைக்கனி கீழே மணல் குவியலில் விழுந்து, எழுந்து, வணக்கம் சொன்னான். சைக்கிள் வாதாமரத்து உச்சிக் கிளையில் தங்கிவிட்டது. காற்றடிக்கும்போதெல்லாம் அதன் மணி லேசாக ஒலித்தது.

அடுத்து கோமதிநாயகம். ரயில் பயணம் பிடிக்குமா என்பது கேள்வி. மணி பதினொன்று இருபது.

"எஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

அதிகாரி காத்திருந்தார். தண்ணீர் கொடுத்தார். டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். கோமதிநாயகம் கையமர்த்திவிட்டு, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அன்று பாசஞ்சர் அரை மணி லேட். கடைசியில் ஜன்னலில் ரயில் தெரிந்ததும் துள்ளி எழுந்து, "ஃபார் எக்ஸாம்பிள்!" என்று கத்தினான். ரயில் போயிற்று. அவனும் அனுப்பப்பட்டான்.

கடைசியாக ஆவுடைச்செல்வி. அதிகாரி நடுங்கும் குரலில், உனக்குச் சைக்கிள் உண்டா என்று கேட்டார்.

"ஐ ஹேட் ஒன், சார். அன்டில் திஸ் மார்னிங்" என்றாள் அவள்.

பிறகு நடந்ததையெல்லாம் நீட்டி, எங்கும் நிறுத்தாமல் சொல்லி, முடிவில் ஜன்னல் வழியே மரத்தைக் காட்டினாள். அதிகாரி முழு மதிப்பெண் போட்டார்.

மாமா கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார். "பரீட்சை பாஸாகட்டும்னுதானே மாமா சொன்னீங்க? யாருன்னு சொல்லலையே" என்றான் கோமதிநாயகம். மாமா இரண்டு நாள் யோசித்து, நியாயம்தான் என்று முகூர்த்தம் குறித்தார். கீறல் பிரச்சினையும் எழவில்லை. சைக்கிள் மரத்தை விட்டு இறங்கினால் அல்லவா பார்ப்பதற்கு?

கோமதிநாயகம் இப்போது ஆவுடைச்செல்வியோடு துபாயில் இருக்கிறான். ஊரிலிருந்து யாராவது வீடியோ போன் போட்டு, "சந்தோஷமா இருக்கியாலே?" என்று கேட்டால், அவள் டியூட்டி முடிந்து வரும்வரை "எஸ்ஸ்ஸ்ஸ்..." என்று நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, போனைத் திருப்பி அவளைக் காட்டுகிறான்.