செங்கோடன் போட்ட சிவப்புக் கோடு

செங்கோடன் உறைந்த ரோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக நாமக்கல்லிலிருந்து கொச்சிக்கு முட்டை ஏற்றிப்போகிறவனுக்கு ஐஸ் ரோடு எங்கே வாய்க்கும்? சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அன்று மதியம் பட்டறையில் முதலாளி ரத்தினசபாபதி புது லாரியைச் சுற்றி வந்து, "லடாக்குல லே ஊருக்கு லோடு போகுது. கேமரா, தானா புடிக்கிற பிரேக்கு, எல்லாம் இருக்குது. யாரு ஓட்டறீங்க?" என்றார்.

டிரைவர் தாவூது அந்த ரோட்டில் இரண்டு தடவை போய் வந்தவன். அவன் வாயைத் திறப்பதற்குள் செங்கோடன் முந்திக்கொண்டான்.

"நமக்குப் பழகின ரோடுங்க மொதலாளி. போன வருசம் கோயிலுக்குன்னு லீவு போட்டனில்லீங்? கோயிலுக்கில்லீங். டிரைவரில்லாம ஓடற காரை ஐஸ் மேல சோதிக்க ஒரு வெளிநாட்டுக்காரன் என்னையக் கூட்டிட்டுப் போனானுங்."

"டிரைவரில்லாத காருக்கு டிரைவர் எதுக்குணா?" என்றான் தாவூது.

"தைரியம் சொல்றதுக்கு! ரோடு கண்ணாடியாட்ட. நீயா இருந்தா பிரேக்கை ஓங்கி மிதிச்சுப் பள்ளத்துல கெடப்ப. அந்தக் காரு விட்டு விட்டுப் புடிச்சுது, குளிர்ல பல்லு தந்தியடிக்கறாப்ல. 'பயப்படாத சாமி, மெதுவாப் போ'ன்னு தட்டிக் குடுத்தேன். போச்சு. அப்பறந்தான் வெனை. ரோட்டோரத்து மைல்கல்லும் எங்ககூடவே வழுக்கிட்டு வருது! 'லே நாப்பது.' ஒரு மணி நேரம் ஓடியும் நாப்பது. கல்லு பக்கத்துலயே இருக்கறதால, வண்டி இன்னும் நகரலைன்னு கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டுது!"

"கல்லை என்னணா பண்ணுனீங்க?"

"கதவைத் தொறந்து ஒரு ஒதை. எங்களுக்கு முன்னாடி ஊர் போய்ச் சேந்துருச்சு. இன்னைக்கும் லே பஸ் ஸ்டாண்டு வாசல்ல 'லே நாப்பது'ன்னு நிக்குது."

வெல்டிங் நின்றது, நாலு பேர் கூடிவிட்டார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. செங்கோடனுக்குப் புரிந்துவிட்டது. இது பத்தாது, இன்னும் பெரிதாக வேண்டும்.

"அதெல்லாம் சரிணா," என்றான் தாவூது. "பனி மூடினா ரோட்டுக் கோடு தெரியாது. கோடு தெரியலைன்னா கேமரா குருடு. அப்ப என்ன பண்ணுவீங்க?"

அவனே எடுத்துக் கொடுத்தான்.

"அதையேன் கேக்கற! பின்னால இன்னும் இருபது காரு, ஒண்ணுலயும் ஆளில்ல. கோடு காணாம எல்லாம் அப்படியே நின்னுருச்சு. எங்க காரை மட்டும் தட்டிக் குடுத்து நகத்துனேன். மடியில வெத்தல இருந்துச்சு. ஸ்டீயரிங் புடிக்கற வேலை எனக்கில்லையே? இந்த ஜன்னல்ல ஒரு துப்பு, அந்த ஜன்னல்ல ஒரு துப்பு. வெள்ளை மேல செக்கச்செவேல்னு ரெண்டு கோடு, ஊர் வரைக்கும்! இருபது காரும் அதைப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. நடுவுல எனக்கு ஒரு தும்மல், கோடு கோணிப்போச்சு. இருபது காரும் அதே எடத்துல கோணிட்டு வந்துச்சுங்க!"

முதலாளி சாவியைத் தாவூதின் கையில் வைத்தார்.

"இவன் ஓட்டட்டும். நீ பக்கத்து சீட்டுல உக்காந்து துப்பிக்கிட்டுப் போ."

பட்டறையே சிரித்தது. ஸ்டீயரிங் போன வருத்தம் செங்கோடனுக்கு ஒரு நொடிதான். ஐஸைப் பார்க்கப் போகிறோம் என்று மறுநொடியே உடம்பு சிலிர்த்தது. இரண்டையும் முகத்தில் காட்டவில்லை.

"எடது கோட்டுக்கு நான் பொறுப்புங்க மொதலாளி. வலது கோட்டுக்கு இவனை இன்னைக்கே வெத்தல போட்டுப் பழகச் சொல்லுங்க."