பறவைக்கு வைத்த அடை

“ஆசானே, அந்தப் பலம் ஏன் எனக்கு வரவில்லை?” என்று கேட்டான் ரஜாபு.

ஆசான் சயிதே மொசாம்பிக் காட்டில் தேன் எடுப்பவர். ரஜாபு அவருடைய மூத்த சீடன். இளையவள் ஸைத்தூனா. சென்ற மழைக்காலத்தில், ஒரு குழந்தையின்மேல் சாய்ந்த மரத்தை அவள் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தாள். அன்றிலிருந்து ஊரெல்லாம் அவள் பேச்சுதான்.

“அவளுக்கு மரமேறச் சொல்லிக் கொடுத்ததே நான்.”

“நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.”

“கேலி செய்யாதீர்கள்.”

ஆசான் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்டில் தேன்கூட்டுக்கு வழி காட்டுவது ஒரு சிறு பறவை. தேன் எடுத்தவர் ஒரு துண்டு தேனடையை இலையில் வைத்து அதற்கு விட்டுவர வேண்டும். ஏமாற்றினால், மறுமுறை அது சிறுத்தையிடம் கூட்டிப்போகும் என்பார்கள்.

நேற்று ஸைத்தூனா மறக்காமல் வைத்தாள். பின்னால் வந்த ரஜாபு அதை எடுத்து ஆற்றில் எறிந்தான். யாரும் பார்க்கவில்லை.

இப்போது பறவை கூவியது.

“அண்ணா, என் பறவை கூப்பிடுகிறது!” ஸைத்தூனா சிரித்தபடி ஓடினாள்.

“இவளுடைய பறவையாம்” என்று முணுமுணுத்தான் ரஜாபு.

“நீ துணைக்குப் போகவில்லையா?” என்றார் ஆசான்.

“எதற்கு? அவள்தான் பலசாலி ஆயிற்றே.”

“அதுவும் சரி. சிறுத்தையே வந்தாலும் தூக்கி எறிந்துவிடுவாள்.”

ரஜாபு சட்டென்று நிமிர்ந்தான். “பின்னாலிருந்து பாய்ந்தால்?”

“பின்னாலிருந்து பாய்வது பற்றி எனக்கென்ன தெரியும்?”

ரஜாபு ஓடினான்.

ஸைத்தூனா அண்ணாந்து கிளையிலிருந்த பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னே புல் அசைந்தது. புள்ளிகள் தெரிந்தன.

அவன் கையில் ஒன்றுமில்லை. இடையில் பாய்ந்து கத்தினான்.

அந்தக் கத்தலில் மரங்கள் வளைந்தன. சிறுத்தை சருகு போல உருண்டு, எழுந்து, ஓடிற்று. ஆற்றின் அக்கரையில் தண்ணீர் குடித்த யானைகள் திரும்பிப் பார்த்தன.

“அண்ணா! உனக்கும் வந்துவிட்டது!” அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். “என்னுடையதைவிடப் பெரிது!”

அந்த மழைக்காலத்திலிருந்து அவன் கேட்க ஏங்கிய சொல் அது.

ஆசான் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார்.

“இந்தப் பறவைக்கு என்ன ஆயிற்று, ஆசானே?” என்றாள் ஸைத்தூனா. “நேற்று அடை வைத்தேனே.”

ரஜாபு தலை குனிந்தான். உதடுகள் மட்டும் அசைந்தன.

ஆசான் காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

“கேட்கவில்லை” என்றார்.