கறிவேப்பிலையைச் சுற்றிய தடம்

அணஞ்சபெருமாளுக்குக் குருவைவிட வயது அதிகம். வீடு போ போ, காடு வா வா என்கிற காலத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குச் சீடரா என்று ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஒருநாள் மடத்துக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“சாமி, கறிவேப்பிலை பட்டுப்போகுது. என் வீட்டுக்காரி வச்ச மரம். அதுவும் போயிட்டா அந்த வீட்டுல உயிருன்னு நான் ஒருத்தன்தான்.”

“என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார் குரு குழல்வாய்மொழி.

“களிமண்ணு இறுகிக் கிடக்கேன்னு ஆத்துமணலைக் கலந்தேன். செங்கல் மாதிரி ஆயிட்டு. மழை பெஞ்ச ஈரத்தோட கொத்திப் பாத்தேன். காஞ்சதும் கட்டி கட்டியாக் கல்லாப் போச்சு.”

“சும்மா இருந்திருக்கலாம்.”

“சும்மா இருக்க முடியலையே சாமி.”

குரு எழுந்து அவரோடு போனார்.

புறவாசல் ஒரு சருகு இல்லாமல் பெருக்கிக் கிடந்தது. மரத்தில் நாலைந்து கொத்துதான் மிச்சம். குரு ஒரு செம்புத் தண்ணீரை அடியில் ஊற்றினார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இறங்கவில்லை.

மரத்தைச் சுற்றி ஒரு தடம், செக்குமாடு சுற்றிய இடம்போல வழவழவென்று இருந்தது.

“இங்க யாரு நடக்கா?”

“நான்தான். பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள இருக்க முடியல. இதைச் சுத்தி வந்து அவகிட்டப் பேசிக்கிட்டிருப்பேன்.”

“பெருக்குறது?”

“அதுவும் நான்தான். அவ குப்பை கிடக்க விடமாட்டா. விடிஞ்சதும் கூட்டி எரிச்சிருவேன்.”

குரு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூவரசு உதிர்த்த சருகை வேலியோரம் அள்ளினார். கிழவரும் அள்ளினார். மட்கிய சாணத்தைப் பரப்பி, அதன்மேல் சருகைப் போட்டார்கள். தடம் மறைய மறைய அணஞ்சபெருமாளுக்கு அழுகை வந்துவிட்டது. குரு தடுக்கவில்லை.

“இனி இதுல கால் படக் கூடாது. மண்புழு வரும். உழுறதை அது பாத்துக்கும்.”

“எப்ப வரும்?”

“நீங்க மிதிக்காம இருந்தா வரும்.”

“மரம் பொழைக்குமா?”

“தெரியாது, ஐயா.”

கிழவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். சருகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பொழுது சாஞ்சா நான் எங்க சாமி நடக்க?”

“தெருவுல நடங்க. எதிர்ல யாராவது வருவாங்க.”