இலையில எழுதின சட்டம்

ஒரு ஊர்ல, மழை வழி மறந்துபோன ஒரு ஊர்ல, தொந்தியப்ப ராஜான்னு ஒருத்தர் இருந்தாராம். பஞ்சம் வந்ததும் ஜனங்க வீட்டு நெல்லையெல்லாம் "பத்திரமா இருக்கட்டும்"னு அரண்மனைக்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டாராம். அப்புறம் தமுக்கடிச்சுச் சொன்னாராம், "இனிமே எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சோறு"ன்னு. ஒரே அடுப்புதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா பந்தி ரெண்டு. ஊரே உட்காரலாம், அவ்வளவு பெரிய கூடம். அதுல ராஜாவும் மாமன் மச்சானும் அம்பது பேர் காலை நீட்டி உட்கார்ந்து, பொழுது சாயுற வரைக்கும் சாப்பிடுவாங்க. அப்புறம் ஊர் ஜனத்துக்கு ரெண்டாம் பந்தி. என்ன இருக்கும்? பாயச அண்டாவைக் கழுவின தண்ணி இருக்கும்.

அந்த அரண்மனையில காய் நறுக்குறவ வெள்ளத்தாயி. அவ மக பூவாயி ஏழு மாசப் புள்ளத்தாச்சி, கழுத்து எலும்பு தெரியுது. வெள்ளத்தாயி அரிவாமனையைத் தள்ளி வச்சுட்டு எழுந்தா. ஊரைக் கூட்டிக்கிட்டுப் போய் வாசல்ல நின்னு கத்தினா.

ராஜா ஏப்பம் விட்டுக்கிட்டே வந்தாரு. "அட, மேல நிறைஞ்சா கீழ தானா வழியும்மா!"ன்னாரு. அப்பவும் ஜனங்க போகல. சரின்னு ஒரு வாழை இலையைக் கிழிச்சு, 'எல்லாருக்கும் ஒரே பந்தி'ன்னு எழுதிக் கொடுத்தாரு. ஜனங்க ஆடிப்பாடிக்கிட்டுப் போனாங்க. மூணாம் நாள் இலை காய்ஞ்சுது, சட்டமும் போச்சு.

மறுபடி போய் உண்ணாவிரதம் இருந்தாங்க. தினமும் பட்டினி கிடக்குறவங்க ஒரு நாள் சொல்லிக்கிட்டுப் பட்டினி கிடந்தா யாருக்குத் தெரியும்? மந்திரி வந்து, இவங்க பசி நிஜமான்னு விசாரிச்சுட்டு, களைப்புன்னு முதல் பந்தியில போய் உட்கார்ந்துட்டாரு. ராஜா இன்னும் பெரிய இலையில எழுதிக் கொடுத்தாரு. அதுவும் காய்ஞ்சுது. ஏய், சிரிக்காத, அவங்களுக்கு அழுகை வந்துச்சு.

அப்பத்தான் வெள்ளத்தாயி கூடத்து வாசல் கல்லைப் பார்த்தா. முன்னே ஒரு தடவை ராஜா மச்சானை யாரோ பாதிச் சாப்பாட்டுல எழுப்பிட்டாங்களாம். அதுக்கு ராஜா கல்லுல வெட்டி வச்ச சட்டம்: 'இலையில கை வச்சவங்களை, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுப்பக்கூடாது. எழுப்பினா கசையடி.'

"அவங்களுக்குன்னா கல்லு, நமக்குன்னா இலையா?"ன்னா வெள்ளத்தாயி.

மறுநாள் ராஜா குளிக்கப் போன நேரம், ஊரே உள்ள போய் உட்கார்ந்துடுச்சு. பரிமாறுறவங்களும் ரெண்டாம் பந்திக்காரங்கதானே, மளமளன்னு பரிமாறிட்டாங்க. பூவாயி முன்னால பாயசம். அள்ளிக் குடிக்கணும்னு கை துடிக்குது. "மெதுவா தாயி, முடிச்சுட்டா எழுப்பிடுவாங்க"ன்னா அம்மாக்காரி. ஒவ்வொரு பருக்கையா தின்னாங்க.

ராஜா வந்து பார்த்து, "எழுப்புங்கடா!"ன்னாரு. சேவகனுங்க கல்லைப் பார்த்தானுங்க, முதுகைத் தடவிக்கிட்டானுங்க, நகரல. உச்சியாச்சு, பொழுதும் சாய்ஞ்சுது. ராஜாவுக்குப் பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.

"இலை கொண்டாங்க, எழுதித் தரேன்!"

"இலையில சாப்பிடத்தான் ராஜா எங்களுக்குத் தெரியும். கல்தச்சனைக் கூப்பிடுங்க"ன்னா வெள்ளத்தாயி.

கல்தச்சனும் ரெண்டாம் பந்திக்காரன். ஒரு எழுத்தை வெட்டுவான், ஊதுவான், தள்ளி நின்னு பார்ப்பான். 'எல்லாருக்கும் ஒரே பந்தி'ன்னு அதே வாசல் கல்லுல அவன் வெட்டி முடிச்ச பிறகுதான் ஜனங்க கடைசி வாய் தின்னுட்டு எழுந்தாங்க.

ராஜா ஓடிப்போய் உட்கார்ந்தாரு. சமையக்காரர் அண்டா கழுவின தண்ணியை ஒரு கரண்டி ஊத்தினாரு.

"என்னய்யா இது?"

"மேல நிறைஞ்சுடுச்சு ராஜா. வழிஞ்சது இவ்வளவுதான்."

அதுலேருந்து அந்த ஊர்ல ஒரே பந்திதான். ஆனா மந்திரி மட்டும் தினமும் அந்தக் கல்லைத் தடவிப் பார்க்கிறாராம், எழுத்து தேய்ஞ்சுதான்னு. அதனால பூவாயியும் புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, தினமும் அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் சாப்பிட உட்காருறாளாம். இலையை மடிச்சாச்சு, கதையும் முடிச்சாச்சு.