வாசலில் எழுதிய பட்டியல்

விருதுநகரில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஓர் ஒலிநூலகம் இருந்தது. யார் யாரோ வந்து வாசித்துப் பதிவு செய்த மூவாயிரம் புத்தகங்கள், ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில் கிடந்தன. அந்த சர்வரின் ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாகக் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சர்வரைப் பார்த்துக்கொண்டவள் நப்பின்னை. வயது இருபத்தொன்பது. அவளிடம் தொழில் கற்றவர் சந்தியாகு, கேசட் காலத்து ஆள், ஐம்பத்திரண்டு முடிந்தவர். மகள் வயசுக்காரியிடம் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. அது எல்லோருக்கும் வாய்க்கிற குணமில்லை.

புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. மறுநாள் பழையதைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். பேக்கப் டிஸ்க்கிலோ எல்லாம் கொள்ளாது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவை நப்பின்னை அவர் தலையில் கட்டியிருந்தாள்.

சந்தியாகு நான்கு நாள் மேனுவல்களைக் கரைத்துக் குடித்துவிட்டு, பட்டியல் போட்டு, பேக்கப்பையும் எடுத்துவிட்டு வந்து நின்றார்.

"நான் எடுத்ததும் விட்டதும் சரிதானா மேடம்?"

நப்பின்னை பட்டியலைக் கையில்கூட வாங்கவில்லை. எழுந்து போய்ப் பழைய சர்வரின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். கரண்டைத் தொடவில்லை.

"இது எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கங்கண்ணே. உங்க பேக்கப்பை வச்சுப் புதுசை எழுப்புங்க."

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. சந்தியாகு தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். பேக்கப்பிலிருந்து எப்படி மீட்பது என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தாராம். எழுதி வைத்தது பழைய சர்வரில். நப்பின்னை சிரிக்கவில்லை. காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தாள்.

பதினோரு மணிக்குப் புது சர்வர் எழுந்தது. மூவாயிரம் புத்தகமும் ஒன்று விடாமல் இருந்தன. சந்தியாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது முன்மேஜையிலிருந்து ஆமினா வந்தாள். எழுநூறு வாசகர்களில் ஒருவரால்கூட உள்ளே நுழைய முடியவில்லை என்றாள். அவர்களுடைய பெயரும் பாஸ்வேர்டும் சிஸ்டம் போல்டரில் இருந்தவை. சிஸ்டத்தைத்தான் புதிதாகப் போட்டுக்கொள்ளலாமே என்று சந்தியாகு அதை விட்டிருந்தார். நப்பின்னை மறுபடியும் குறித்துக்கொண்டு, அதையும் பழைய சர்வரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பிற்பகலில் மாசிலா என்ற மாணவி வந்தாள். எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். திங்கட்கிழமை பரீட்சை. அவளுக்காக ஒருவர் பாடநூலை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது அத்தியாயம் முடித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். வர இரண்டு வாரம் ஆகும்.

"நேத்து வரைக்கும் கேட்டேன் சார். இன்னைக்கு அந்த புக்கே இல்லைங்குது."

புத்தகம் முழுதாக முடியும்வரை அத்தியாயங்கள் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் போல்டரில்தான் கிடக்கும். அது சந்தியாகுவுக்குத் தெரிந்ததுதான். பட்டியல் போடும்போது ஞாபகம் வரவில்லை.

"டெம்ப் போல்டரை எடுக்க வேண்டாம்னு எல்லா மேனுவல்லயும் போட்டிருக்கே மேடம்" என்றார் மெதுவாக.

"மேனுவல் எழுதினவருக்குத் திங்கட்கிழமை பரீட்சை இல்லையேண்ணே."

நப்பின்னையே போய்ப் பழைய சர்வரிலிருந்து ஒன்பது அத்தியாயங்களையும் எடுத்து வந்தாள். கரண்டை நிறுத்தியிருந்தால் அந்த போல்டர் தானாகவே காலியாகியிருக்கும் என்பது சந்தியாகுவுக்கு அப்போதுதான் உறைத்தது. மாசிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். பட்டியலை எப்படிப் போடணும்?"

நப்பின்னை துண்டுக் காகிதத்தை நீட்டினாள். போல்டர்களின் பெயர்கள் இருக்கும் என்று நினைத்து வாங்கினார். ஒன்றுகூட இல்லை. மாசிலா என்று இருந்தது. அதற்கு மேலே ஆமினா. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பெயராக, சந்தியாகு.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குத்தானே கழட்டுறாங்க" என்றாள் நப்பின்னை. "இன்னும் வராதவங்களைப் போய்ப் பாத்து, அவங்களுக்கு எது விட்டுப்போச்சுன்னு கேட்டுட்டு வந்துருங்கண்ணே."